ஸ்கோரை முதல் வரியில் எழுதுங்கள்

கேள்வி: மேடம், நான் வியாசர்பாடி. இங்கே ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அளவில் ஃபுட்பால் ஆடினேன். முழங்காலில் லிகமெண்ட் கிழிந்ததோடு ஆட்டம் முடிந்துபோனது. ஆனால் விளையாட்டை விட்டு விலக மனசு வரவில்லை. ஐ.பி.எல். அணிகளில் மீடியா வேலை பார்ப்பவர்களைப் பார்த்தால் அந்த வேலைக்குப் போக ஆசையாக இருக்கிறது. அதற்கு என்ன படிக்க வேண்டும்? என் ஆங்கிலம் சுமார்தான். அம்மா வேறு, "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஸ்டேடியத்துல உனக்கு என்னடி வேலை?" என்று கேட்கிறார். வழி சொல்லுங்கள்.

– வாசகி, வியாசர்பாடி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மாவின் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அது நல்ல கேள்வி. இந்த வேலையில் பத்து வருடம் இருந்தவர்களுக்குக்கூட அதற்குச் சட்டென்று பதில் வராது.

சேப்பாக்கத்தில் ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய பதினொன்றே கால், பதினொன்றரை ஆகிவிடும். கூட்டம் பறக்கும் ரயிலைப் பிடிக்க ஓடும். நம் வேலை சூடு பிடிப்பது அப்போதுதான். பத்திரிகைகளின் வெளியூர் பதிப்புகள் முன்பே அச்சுக்குப் போயிருக்கும். நகரப் பதிப்புக்காக ஒரு உதவி ஆசிரியர் அரைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டி.வி.காரர்களுக்கு ஒரு பைட், அதாவது ஒளிபரப்ப வீரர் பேசும் இரண்டு வரி, வேண்டும். கேப்டனை பிரஸ் மீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தோற்ற கேப்டன் என்றால் அவர் ஷூவைக் கழற்றிவிட்டுக் குனிந்த தலையோடு உட்கார்ந்திருப்பார், கொஞ்சம் பொறுத்துத்தான் கூப்பிட முடியும். இதற்கு நடுவே ஒரு நிருபர், "இந்த மைதானத்தில் கடைசியாக இவ்வளவு ரன்னைத் துரத்தி ஜெயித்தது எப்போது?" என்பார். அவர் கேட்டு முடிக்கும்போது பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஸ்டேடியத்தில் அடுத்தவர்களின் டெட்லைனைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை.

ஐ.பி.எல். அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வீரர்களுக்குப் பக்கத்தில் நடந்து போகிறவர்களைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த இடம் ஒரு அணிக்கு ஒன்றோ இரண்டோதான். சீசன் இரண்டு மாதம். மீதி வேலைகள் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கின்றன. மாநில விளையாட்டுச் சங்கங்களில், போட்டிகளை நடத்தித் தரும் நிறுவனங்களில், மக்கள் தொடர்பு வேலை பார்க்கும் பி.ஆர். ஏஜென்சிகளில், வீரர்களின் ஒப்பந்தங்களைக் கவனிக்கும் கம்பெனிகளில், அகாடமிகளில் எல்லாம் இந்த வேலை உண்டு. நான் ஒரு பத்திரிகையின் விளையாட்டு டெஸ்க்கில் சில வருடம் இருந்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேன். வந்த பிறகு ஒருநாளும் ஐ.பி.எல். அணிக்கு வேலை பார்த்ததில்லை. டென்னிஸ், வாலிபால், செஸ், பள்ளி மாணவர் போட்டிகள் என்றே பிழைப்பு ஓடிவிட்டது.

சரி, வேலை என்ன என்று பார்ப்போம். விளம்பரமும் செய்தித் தொடர்பும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். 2022 செஸ் ஒலிம்பியாட் உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி, உக்ரைன் போரால் அங்கிருந்து கைமாறி, மார்ச்சில் சென்னைக்கு என்று முடிவானது. ஜூலை 28 தொடக்க விழா. இடையில் நான்கு மாதம்தான். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி கட்டிய குதிரையை 'தம்பி' என்று ஊர் முழுக்க நிறுத்தினார்கள். சிசிலியன் டிஃபென்ஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்கள்கூட வண்டியை ஓரம் கட்டி செல்ஃபி எடுத்தார்கள். அது விளம்பரம், அருமையான விளம்பரம். ஆனால் மாமல்லபுரத்தில் ஆட்டம் தொடங்கிய பிறகு பாலத்தின் பெயிண்டை வைத்து ஒரு வரி செய்தி எழுத முடியாது. 180க்கும் மேற்பட்ட அணிகள், ஓபன், மகளிர் என இரண்டு பிரிவு, ஒரு அணிக்கு நான்கு போர்டு, அதாவது ஒரே நேரத்தில் நான்கு பேர் ஆடுவார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். அதில் இன்றைக்கு எது செய்தி என்று யாராவது பொறுக்கி எடுத்துச் சொல்ல வேண்டும். இந்தியாவின் இரண்டாவது அணியில் முதல் போர்டில் 16 வயதுப் பையன் ஒருவன் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்தான். அது செய்தி. அவன் பெயர் குகேஷ். அடுத்த இரண்டரை வருடத்துக்குள் உலக சாம்பியன் ஆனான். பொறுக்கி எடுக்கும் அந்தக் கண்தான் நமக்கு வேண்டும். ஃபுட்பால் ஆடியவர் என்பதால் உங்களிடம் அது கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். கோல் போட்டவளைவிட கோலுக்கு வழி செய்தவளைப் பார்க்கத் தெரியும், இல்லையா?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு வியாதி உண்டு. விளையாட்டுச் சங்கங்கள் அனுப்பும் பத்து பிரஸ் ரிலீஸில் எட்டு, "விழாவிற்கு இன்னார் தலைமை தாங்க, இன்னார் முன்னிலை வகிக்க, இன்னார் குத்துவிளக்கேற்ற" என்றுதான் தொடங்கும். யார் ஜெயித்தது என்று தேடினால் கடைசிப் பத்தியில் இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. படம் பார்த்தால் பொன்னாடை போர்த்தும் படம். கோப்பை வாங்கிய பெண் ஓரத்தில் பாதி முகத்தோடு நிற்பாள். நான் டெஸ்க்கில் இருந்தபோது இப்படிப்பட்ட ரிலீஸ் வந்தால், வேறு செய்தி எதுவும் இல்லாத நாளில் மட்டும்தான் பிரிப்பேன். நீங்கள் எழுதும்போது யார், யாரை, எவ்வளவுக்கு வென்றார், எந்தப் போட்டி, எங்கே என்பது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். தலைமை தாங்கியவர் கோபித்துக்கொள்வார். அவரைக் கடைசி வரியில் முழுப் பதவியோடு மரியாதையாகப் போடுங்கள். ரிலீஸ் அச்சில் வந்ததும் கோபம் போய்விடும். வராவிட்டால்தான் அவர் உங்களை விட மாட்டார்.

அனுப்பும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தர மாட்டார்கள். லெட்டர்பேடில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து பி.டி.எஃப்.ஆக அனுப்பாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு யாரும் அதை உட்கார்ந்து மறுபடி டைப் செய்ய மாட்டார்கள். மெசேஜிலேயே யூனிகோடில் அனுப்புங்கள். நேராக நகல் எடுத்துக்கொள்வார்கள். படத்தை மட்டும் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகப் போட்டால் சுருங்கிவிடும், அச்சில் முகம் புள்ளி புள்ளியாக வரும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு பிரதி வேண்டும். ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக எழுதாமல் தனித்தனியாக எழுதினால் இரண்டுமே நன்றாக இருக்கும். ராத்திரி ஆட்டமாக இருந்தால், ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று என்று சாயங்காலமே இரண்டு எழுதி வைத்துவிடுங்கள். தப்பானதை அனுப்பிவிடாமல் இருப்பது உங்கள் சாமர்த்தியம்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நான் கொஞ்சம் வெறி பிடித்தவள். காரணம் இருக்கிறது. இந்த வேலைக்கு வந்த முதல் வருடம், பள்ளி மாணவிகளுக்கான ஒரு இரட்டையர் போட்டியில் அக்கா, தங்கை இருவர் பட்டம் வென்றார்கள். கேப்ஷனில் 'இடமிருந்து வலம்' என்று போட்டு, பெயரை மாற்றி அனுப்பிவிட்டேன். மறுநாள் மூன்று பேப்பரில் அக்கா தங்கையாகவும் தங்கை அக்காவாகவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அப்பா போன் செய்தார். திட்டவில்லை. "பேப்பரை லேமினேட் பண்ணக் குடுத்தேன் மேடம், கடைக்காரர்தான் பார்த்துட்டுக் கேட்டார்" என்றார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

நம் பெயர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சர்வதேசப் போட்டிகளின் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதுகிறோம். அப்புறம் வர்ணனையாளர் ஆட்டம் முழுக்க அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். வாஷிங்டன் சுந்தரை 'சுந்தர்' என்கிறார்களே, சுந்தர் அவருடைய அப்பா. ஆனந்தை 'விஸ்வநாதன்' என்று எழுதிய வெளிநாட்டுப் பத்திரிகைகள் எத்தனையோ. பிரக்ஞானந்தாவின் 'ஆர்' அப்பா ரமேஷ்பாபு. ஆனால் குகேஷின் 'டி' அப்பா பெயர் இல்லை, தொம்மராஜு என்ற குடும்பப் பெயர். ஆக, விதி என்று எதையும் வைத்துக்கொள்ள முடியாது. வீரரிடமே போய், "உங்களை எப்படிக் கூப்பிடணும், எப்படி எழுதணும்?" என்று கேட்டு, உச்சரிப்போடு ஒரு தாளில் எழுதி, நிருபர்களுக்கும் வர்ணனையாளர்களுக்கும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

வெளியூர்க்காரர்கள் பெயரைத் தமிழில் எழுதுவது இன்னொரு கூத்து. 2022ல் நுங்கம்பாக்கத்தில் நடந்த மகளிர் சென்னை ஓப்பனை வென்ற செக் நாட்டுப் பெண் லிண்டா ஃப்ருவிர்தோவா. அந்தப் பெயரை நீங்கள் தமிழில் ஒரு மாதிரி எழுதிப் பாருங்கள், உங்கள் தோழியை எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் ஆச்சரியம். நாலு பேப்பர் நாலு விதமாக எழுதினால் வாசகர் நாலு பேர் என்று நினைப்பார். யார் யாரோடு ஆடுவது என்ற டிரா பட்டியல் வந்த அன்றே பெயர்களையெல்லாம் தமிழில் எழுதி, ஒரு பட்டியலாக எல்லா டெஸ்க்குக்கும் அனுப்பினால் போதும், சப் எடிட்டர்கள் உங்களைக் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள். இது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரால் முடியாத வேலை. நீங்கள் தமிழ் படித்தது குறை என்று எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் சீட்டிலேயே அதுதான் பெரிய சீட்டு.

அதற்காக ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சர்வதேசச் சம்மேளனங்களின் விதிகளும் மெயில்களும் ஆங்கிலத்தில்தான் வரும். தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரு போட்டோகிராபருக்கு மைதானத்துக்குள் அனுமதி கிடைக்காமல் போகும். இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. தினமும் ஒரு ஆங்கில மேட்ச் ரிப்போர்ட்டை எடுத்து, ஐந்து வரியில் ஆங்கிலத்திலேயே சுருக்கி எழுதுங்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும். பேசத் தயக்கமாக இருந்தால் ஒன்றும் மோசமில்லை. இந்த வேலையில் அதிகம் பேசுகிறவர்களால்தான் ஆபத்து.

என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. தரமணியில் ஆசிய இதழியல் கல்லூரி இருக்கிறது. மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டணம் கையைக் கடிக்காது என்றால் இதழியல் முதுகலை படியுங்கள். செய்தி எழுதக் கற்றவருக்கு இந்த வேலை பாதி கைவந்த மாதிரி. கடன் வாங்கிப் படிக்க வேண்டாம். 'மூன்று மாதத்தில் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் சான்றிதழ், நூறு சதவீதம் வேலை' என்று வரும் விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டுத் தகவலுக்கென்றே ஒரு அதிகாரி இருப்பார். அந்தப் பணியில் இருப்பவர்கள் 1957லேயே தங்களுக்கென ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். நம் கல்லூரிகளில் அந்த வேலையும் பி.டி. மேடம் தலையில்தான் விழுகிறது. பஸ் ஏற்பாடு, ஜெர்சி, டீ, பன், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவர் பார்த்துவிட்டு, ஸ்கோரை அடுத்தநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார். நாளைக்கே அவரிடம் போய், "மேடம், இந்த வருஷம் எல்லா டீமோட ஸ்கோரையும் நான் எழுதித் தரேன்" என்று சொல்லிப் பாருங்கள். மறுக்க மாட்டார். கல்லூரி அணிகளின் பழைய ரெக்கார்டுகள் பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கும், அவற்றை எடுத்து ஒரு எக்செல்லில் ஏற்றுங்கள். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி 1952ல் சேப்பாக்கத்தில் என்பதும், 1986 டெஸ்ட் அதே மைதானத்தில் டை ஆனது என்பதும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அன்றைக்கு யாரோ ஒருவர் பென்சிலால் எழுதி வைத்ததுதான்.

உங்கள் ஏரியாவுக்கு வாருங்கள். வியாசர்பாடி ஃபுட்பாலுக்கும் கேரமுக்கும் ஊர் அறிந்த இடம். ஆனால் அங்கே அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் ஃபுட்பால் போட்டி நடந்தால் அடுத்த தெருவுக்கு மட்டும்தான் தெரியும். வடசென்னைப் பெண் காசிமா 2024ல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். கண்ணகி நகர் கார்த்திகா 2025ல் பஹ்ரைனில் கபடித் தங்கத்தோடு திரும்பினார். அதன் பிறகு ஊர் உலகம் எல்லாம் தேடி வந்தது. உங்கள் தெருவில் இப்போது 12 வயதில் ஆடிக்கொண்டிருக்கும் பெண் நாளைக்கு அந்த இடத்துக்குப் போனால், அவளுடைய முதல் போட்டியின் தேதி, ஸ்கோர், படம் யாரிடம் இருக்கும்? உங்களிடம் இருக்கட்டும். ஒரு செவன்ஸ் போட்டி அமைப்பாளரிடம் பேசி, காசு வாங்காமல், அந்த ஒரு போட்டிக்கு மட்டும் மீடியா வேலை முழுவதையும் செய்யுங்கள். ஆட்ட அட்டவணை, அணிகளின் பெயர்ப் பட்டியல், தினமும் ஒரு ரிலீஸ், இறுதிப் போட்டிக்கு நல்ல படம். பத்து இடத்துக்கு அனுப்பினால் ஒன்றில் வரலாம், வராமலும் போகலாம். வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழைவிட அந்த ஃபைலைத்தான் என் மாதிரி ஆட்கள் புரட்டிப் பார்ப்போம். இலவசம் என்பது அந்த ஒரு போட்டியோடு சரி. இரண்டாவதுக்குக் கூலி கேளுங்கள்.

கூலி என்றதும் ஞாபகம் வருகிறது. போட்டிக்கு இவ்வளவு என்று பேசித்தான் ஆரம்ப வருடங்கள் போகும். கோப்பையை அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள், நம் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். எனக்கு ஒரு போட்டியின் பாக்கி இன்னும் வரவில்லை, அந்தக் கோப்பையின் வெள்ளிப் பூச்சே உதிர்ந்திருக்கும். எவ்வளவு, எப்போது என்பதை மெயிலில் எழுதி வாங்கிவிட்டு வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோய் விட வண்டி உண்டா என்பதையும் அதே மெயிலில் கேளுங்கள். தயங்க வேண்டாம், ஒழுங்கான நிறுவனம் இதற்கு முகம் சுளிக்காது. முகம் சுளித்தால் அந்த வேலை வேண்டாம். அம்மாவிடம் அந்த மெயிலைக் காட்டலாம்.

இன்னும் சில பழக்கங்கள் இப்போதே வந்துவிட்டால் நல்லது. பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்து கைதட்டக் கூடாது, உங்கள் அணி கடைசிப் பந்தில் ஜெயித்தாலும் சரி. வேலை நேரத்தில் வீரர்களோடு செல்ஃபி கூடாது. காயம், ஊக்கமருந்துச் சோதனை, அணிக்குள் சண்டை என்று வந்தால் நிருபர்கள் உங்களைத்தான் பிடுங்குவார்கள். "இப்போது சொல்ல முடியாது" என்று சொல்லலாம், பொய் சொல்லக் கூடாது. ஒரு பொய் வெளியில் வந்தால் அப்புறம் நீங்கள் அனுப்பும் ஸ்கோரைக்கூட இரண்டு முறை சரிபார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 14 வயதுப் பெண் தோற்று அழுதுகொண்டிருக்கும்போது கேமராவை அவள் முகத்துக்கு நேராக விடாதீர்கள். அவளுடைய போன் நம்பரை யாருக்கும் கொடுக்காதீர்கள். பேட்டி என்றால் அப்பாவோ அம்மாவோ கோச்சோ பக்கத்தில் இருக்கட்டும். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகும் நிருபரை நாளைக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

முழங்காலைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. மைதானத்தின் ஓரத்தில் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்து எழுதும் வேலை இது. சில நாள் வயிற்றெரிச்சலாக இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிசியோவைப் பார்த்தீர்களா? நீங்கள் ஆறு மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டிவரும், அதனால் கேட்கிறேன்.

செவன்ஸ் போட்டி முடிவானதும் முதல் ரிலீஸை எனக்கும் அனுப்புங்கள். மெசேஜிலேயே அனுப்புங்கள், பி.டி.எஃப். வேண்டாம்.